கனடா வரைக்கும் கேட்ட சத்தம்

ஆறாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு நான்கு நாடுகளில் வாசகர்கள் இருந்தார்கள். உள்ளூரில் ஒருவர்கூட இல்லை.

நாரணாபுரத்தில் எங்கள் தெரு காலை ஏழரைக்கெல்லாம் காலியாகிவிடும். கம்பெனி வேன் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போய்விடும். அம்மாவுக்கு எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. கூடப் பிறந்தது யாரும் இல்லை. பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அம்மாவின் போன் வீட்டில் என்னோடு இருக்கும். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் என் மேல் பொறாமை. அந்தப் போனில் நான் பேச ஆசைப்பட்ட ஒரே ஆள் அம்மாதான். அம்மாவின் போனோ என் கையில் இருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த வருஷம் எங்கள் தமிழ் டீச்சர் பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுச் சிவகாசியில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். பிள்ளைகள் எழுதித் தருவதை எல்லாம் ராத்திரி உட்கார்ந்து தட்டச்சு செய்து ஏற்றுவார். மற்றவர்கள் மழை, மரம், தாய்நாடு என்று எழுதினார்கள். எனக்கு அதெல்லாம் வரவில்லை. ஆளில்லாத வீட்டில் சாயங்காலம் நான் என்ன செய்வேன் என்று எழுதினேன். டிவியைச் சத்தமாக வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுவது, பக்கத்து வீட்டுக் கோழிக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது, இப்படி. டீச்சர் படித்துவிட்டுத் தாளை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இத ஒரு நாலு பேராவது படிக்கணும்மா" என்றார்.

சரியாக நாலு பேர் படித்தார்கள். கனடாவிலிருந்து ஒரு தாத்தா, மலேசியாவிலிருந்து ஒரு அக்கா, மஸ்கட் அண்ணன் ஒருவர், லண்டன் அத்தை ஒருவர். கோழி கணக்கில் தேறியதா என்று கனடா தாத்தா பின்னூட்டம் போட்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு வாரம் தவறாமல் எழுதினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பூட்டைத் திறந்து, பையை வீசிவிட்டு, போனைத்தான் எடுப்பேன். சாப்பிட்டாயா, தலைவலி போய்விட்டதா என்று யாராவது கேட்டிருப்பார்கள். அரையாண்டுப் பரீட்சைத் தாள் திருத்தும் சமயத்தில் மட்டும் நாலு நாட்டுக்காரர்களுக்கும் வேலை அதிகமாகிவிடும். உலகம் பூராவும் அப்போதுதான் அரையாண்டுப் பரீட்சை போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறு வருஷம் தீபாவளி சீசன். சனிக்கிழமை, எனக்கு லீவு, அம்மாவுக்கு வேலை. மூன்று மணி வாக்கில் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில், என்ன சத்தம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். மேற்கே புகை நின்றது. எம். புதுப்பட்டிப் பக்கம் என்றார்கள். தெருவில் மிச்சமிருந்தவர்கள் மெயின் ரோட்டுக்கு ஓடினார்கள்.

"ஏ பிள்ள, நீ வீட்ட விட்டு அங்கிட்டு இங்கிட்டுப் போயிராத" என்று ஒரு பெரியம்மா போகிறபோக்கில் கத்திவிட்டுப் போனாள்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். கிடைக்கவில்லை. வேறு யாருக்குப் போடுவது என்று தெரியாமல் வலைப்பூவைத் திறந்தேன். கனடா தாத்தா எழுதியிருந்தார்: "சத்தம் கேட்டுச்சே, அம்மா வந்துட்டாகளா?"

எப்போதும் புத்தகத் தமிழில் எழுதுகிறவர் அன்றைக்கு எங்களைப் போலவே எழுதியிருந்தார். எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. கனடாவுக்குச் சத்தம் கேட்டதும் வித்தியாசமாகப் படவில்லை. எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியே விரிசல் விட்டிருந்தது. அம்புட்டுப் பெரிய சத்தம். "இன்னும் வரல தாத்தா. பயமா இருக்கு" என்று எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன்.

பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் டீச்சர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். இதற்கு முன்னால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை.

"இங்கன ஒரு சோலியா வந்தேன்" என்று சொல்லி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். போனைப் பார்க்க எனக்கு அந்தக் கை வேண்டியிருந்தது. மெதுவாக உருவிக்கொண்டு மறுபடி மறுபடி பார்த்தேன்.

"கனடா தாத்தா கேட்டுட்டு ஆளையே காணோம் டீச்சர்" என்றேன். அழுகை வந்தது. எனக்கென்று கேட்க ஒரே ஒரு ஆள் இருந்தார், அவரும் போய்விட்டாரே என்ற அழுகை.

"அவருக்கு என்ன அவசரமோம்மா" என்றார் டீச்சர்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அம்மா நடந்தே வந்து சேர்ந்தாள். வெடித்தது பக்கத்துக் கம்பெனி. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது டீச்சர் எழுந்து நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். காப்பி குடிச்சிட்டுப் போங்க என்று அம்மா சொன்னதற்கு, இருட்டிட்டு என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்த மாடி அறைக்குத்தான் போயிருப்பார்.

ஜூனில் அவருக்கு மாறுதல் வந்தது. போகிற அன்று, எழுதுவதை விட்டுவிடாதே என்றார்.

"எனக்கென்ன டீச்சர், நாலு நாட்டுல ஆள் இருக்கு" என்றேன். டீச்சர் சிரித்தார்.

அந்த மாதத்தோடு நாலு நாடுகளும் என்னைக் கைவிட்டன. ஒவ்வொருவர் பெயரையும் போட்டுப் பின்னூட்டத்தில் எழுதிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. லண்டன் அத்தை போனதுகூடப் பரவாயில்லை. கனடா தாத்தா மேல்தான் எனக்கு ஆத்திரம் ஆறவே இல்லை. அம்மா வந்துவிட்ட சேதியை நான் அவருக்குக் கடைசிவரை சொல்லவில்லை. அவரும் அதற்கப்புறம் வேறு எதையெல்லாமோ கேட்டார், அதை மட்டும் கேட்கவே இல்லை. அம்மா வந்தாளா இல்லையா என்றுகூடத் தெரிந்துகொள்ள வேண்டாத மனுஷன், அன்றைக்கு எதற்கு அப்படிப் பதறிக் கேட்டார் என்று ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.