சாவடிக்கு இந்தாண்ட

போன வாரம் விழுப்புரம் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் கைப்பேசியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்துக்கொண்டு வந்தாள். நீளக் கோட்டு போட்ட ஒருத்தனும் அவன் கையைப் பிடித்தபடி ஒருத்தியும் ஓடினார்கள். நான் எட்டிப் பார்த்தேன். எண்பதுக்கு மேல் எதுவும் சரியாகக் கண்ணில் படாது. அந்தப் படம் மட்டும் உடனே தெரிந்துவிட்டது.

அதைப் புதுச்சேரி சினிமாக் கொட்டகையில் பதினான்கு நாள் நான் 'பேசியிருக்கிறேன்'. ஐம்பத்து நாலு கோடை, பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் போகவில்லை. அமெரிக்கப் படங்கள் பிரெஞ்சு பேசிக்கொண்டு வரும். தரை டிக்கெட்டுக்குப் புரிய வேண்டுமே, அதற்கு நான். திரையோரம் ஸ்டூலில் உட்கார்ந்து மைக்கில் தமிழில் கதை சொல்வேன். பள்ளியில் நான் பிரெஞ்சில் தேறாதவன் என்பது முதலாளிக்குத் தெரியாது.

கதை சின்னதுதான். கொலை செய்த ஒருத்தனும் அவன் காதலியும் எல்லையைத் தாண்ட ஓடுகிறார்கள். பாலத்துக்கு அந்தாண்ட வேறு நாடு. நடுப்பாலத்தில் போலீஸ் சுட்டுவிடுகிறது. எல்லை என்றால் எங்கள் சனத்துக்கு விளக்கவே வேண்டாம். ஊரைச் சுற்றிச் சுங்கச்சாவடி. அதைத் தாண்டி வந்துவிட்டால் இந்தியப் போலீஸ் தொடாது என்று நம்பினோம். வந்தவரிடம் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை, அது ஊர் மரியாதை.

அப்படி வந்தவர்கள்தான் எங்கள் தெரு ஏழுமலையும் அவன் பெண்டாட்டி அஞ்சலையும். கடலூர்ப் பக்கத்தில் அவள்மேல் கைவைத்த பண்ணைக்காரன் மகனை ஏழுமலை வெட்டிச் சாய்த்துவிட, இருவரும் கரும்புக்கொல்லை வழியாக நடந்தே வந்தார்கள். தெருவுக்கே தெரியும். அவன் மில்லில் சேர்ந்துகொண்டான்.

முதல் நாள் படம் விட்டதும் அஞ்சலை என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நாளைக்கு அதுங்கள அந்தாண்ட உட்டுடுங்களேன்."

விட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து, பாலத்தில் விழுந்து கிடப்பவர்களைக் காட்டும்போது, "களைச்சுப் படுத்திருக்காங்க, விடிஞ்சதும் அந்தாண்ட போயிடுவாங்க" என்றேன். சனம் சிரித்துக் கைதட்டியது. அஞ்சலை தினமும் வந்து கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நவம்பரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. வெடி, மிட்டாய், ஆட்டம். நானும் ஆடினேன். சாவடிக் கம்பத்தைப் பிடுங்குவதைக் கூட்டமாய் நின்று பார்த்தோம். அன்று சாயங்காலம் அஞ்சலை என் வீட்டுக்கு வந்தாள்.

"சாவடியவே எடுத்துட்டாங்களே அண்ணே. நாங்க வடக்க எங்கனா போயிடட்டுமா?"

சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது. அதையே சொல்லியிருக்கலாம். மைக் பிடித்த வாய் சும்மா இருக்குமா? "பழைய கேச எவன் தோண்டப் போறான்? நிம்மதியா இரும்மா" என்றேன்.

ஐந்தாம் நாள் காலை மில் வாசலில் ஏழுமலையைப் பிடித்தார்கள். கடலூரில் வழக்கு. தூக்குப் போட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் அஞ்சலை கொட்டகைக்கு வந்தாள். காறித் துப்புவாள் என்றுதான் நின்றேன்.

"மொத நாளு சொன்ன முடிவயே சொல்லியிருந்தா பயந்து ஓடியிருப்போம் அண்ணே."

அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் அவளை யாரும் பார்க்கவில்லை. நான் மைக்கைத் தொடவில்லை. கொட்டகையும் போய்விட்டது, மில்லும் போய்விட்டது. அந்தப் பாவம் மட்டும் என்னோடு இருக்கிறது.

"இதுங்க தப்பிச்சிடுமா தாத்தா?" என்றாள் பக்கத்து இருக்கைப் பெண், நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்து.

"இல்லம்மா. பாலத்துல சுட்டுடுவாங்க."

"முடிவச் சொல்லிட்டீங்களே" என்று அலுத்துக்கொண்டாள். சாவடி இருந்த இடத்தைப் பேருந்து வேகம் குறைக்காமல் தாண்டியது.