பார்மலின் அரித்த கைகள்

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸுக்கு எத்தனை தடவை குளித்தாலும் பார்மலின் வாசம் போகாது. அந்த வேலை பார்த்தவர்கள் இதைப் படிக்கும்போதே மூக்கைத் தேய்த்துக்கொள்வீர்கள். 1950களின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு அந்த வேலை.

பெண் பார்க்க வந்தார்கள்

கத்தி, கத்தரி, ரப்பர் குழாய் எல்லாம் கிருமி சாக பார்மலினில் ஊறும். எடுத்துக் கழுவுவது நான். முதல் வருஷம் ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் என் உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொண்டது. விரலிடுக்கெல்லாம் கொப்புளம், வெடிப்பு. ரசம் சோறு பிசைந்தால் கண்ணில் தண்ணீர் வரும்.

அந்தக் கையோடுதான் ரெட்டியார்சத்திரத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை வாங்காமல் கையையே பார்த்தார். பெருவியாதி, அதாவது தொழுநோய் என்று நினைத்துவிட்டார். யாரும் காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

மறுவாரம் மாப்பிள்ளை மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரிடம் நேராகக் கேட்டார். "தொத்து வியாதி இல்லப்பா, மருந்து ஒத்துக்கல" என்றார் டாக்டர். மாப்பிள்ளை வராந்தாவில் நின்ற என்னிடம் வந்தார். "அம்மாட்ட நான் பேசிக்கிறேன். அன்னைக்குக் காபி குடிக்காமப் போயிட்டேன், ஞாயித்துக்கெழமை வாரேன்."

தொப்பம்பட்டிக்காரர்

எங்கள் கல்யாணம் முடிந்த வருஷம், தொப்பம்பட்டி விவசாயி ஒருவர் நீர் பிரியாமல் துடித்துக்கொண்டு வந்தார். நீர் இறங்க பார்மலினில் ஊறிய குழாயை வைத்த கொஞ்ச நேரத்தில் உடம்பு தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்தது. டாக்டர் குழாயை உருவிவிட்டு ஊசி போட்டார். விவசாயியின் மூச்சு சீராகும் வரை அவர் மனைவி என் கையை விடவில்லை. புண்ணில் நகம் பதிந்தது, நான் இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு வெந்நீரில் கொதிக்க வைத்த வேறு குழாயை வைத்தோம். அது ஒன்றும் செய்யவில்லை. அன்றிலிருந்து குழாய்க்கெல்லாம் கொதிநீர்தான்.

ஊருக்குக் கிளம்பும்போது அவர் சொன்னார்: "ஏனுங்க சிஸ்டர், பூச்சிக்கு வச்ச மருந்து எனக்குல்லங்க வேலை செஞ்சுபோட்டுது."

டாக்டர் வாசலில் நின்றார்

தியேட்டரைப் பூட்டி பார்மலின் புகை போட்டு, மறுநாள் திறப்போம். உள்ளே நுழைந்ததும் டாக்டருக்குத் தும்மல்; போகப்போக இழுப்பு. ஒருநாள் ஆபரேஷன் பாதியில் மூச்சு முட்டி வெளியே போனார். கூட இருந்த சின்ன டாக்டர் தைத்து முடித்தார். அதன்பின் அவருக்கு வெளிநோயாளிகள் மட்டும்தான். ஆனாலும் ஆபரேஷன் நாளில் தியேட்டர் வாசலில் வந்து நிற்பார். உட்காரச் சொன்னால் கேட்கமாட்டார். "இருக்கட்டும்மா, கத்தரி வைக்கிற சத்தம் இங்கயே கேக்குது."

கிருமி சாவதை நாங்கள் யாரும் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. எங்களுக்கு வந்த தும்மலை வைத்துத்தான் மருந்து வேலை செய்கிறது என்று நம்பினோம்.