எல்ரோட் தன் எல்லைக்கல்லைத் தோண்டச் சொன்ன கதை

லோரன்ஸ் எல்ரோட்டின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் வீஸன்பெர்க் நகரத்திலேயே நான் ஒருத்திதான். நகராட்சியில் எனக்குத் தட்டச்சு வேலை. கோழி கிளறிப் போட்டது போன்ற அந்த எழுத்தோடு பதினான்கு வருடம் மாரடித்திருக்கிறேன். அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

நகரத்துக்குக் கிழக்கே பார்லி வயலும் பிளம் தோப்புமாக அவருக்குப் பெரிய நிலம். நகர மன்றத்தில் உறுப்பினர். போதாததற்கு ஊரின் வரலாற்றை எழுதி வைக்கும் பொறுப்பும் அவர் தலையில். அதற்குச் சம்பளம் கிடையாது, வசவு உண்டு. தேவாலய மணிக்கூண்டு எரிந்தது இடி விழுந்து அல்ல, மணியடிப்பவர் குடித்துவிட்டுச் சுருட்டோடு தூங்கியதால் என்று எழுதினார். மணியடிப்பவரின் குடும்பம் இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை. "பேசாட்டி போகட்டும், எனக்கு நேரம் மிச்சம்" என்றார். அவர் மனைவி பாபெட்தான் பாவம், ரொட்டிக்கடை வரிசையில் எல்லா முறைப்பையும் வாங்கிக்கொண்டாள்.

1966இல் நகரத்துக்கு எழுநூறு வயது. ஜூன் மாத விழாவுக்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் போட மன்றம் முடிவு செய்தது. எழுதியவர் எல்ரோட். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை அடிக்கும்போது என் விரல் நின்றுவிட்டது.

எங்கள் நகராட்சி நீச்சல் குளம் இருக்கும் ஆற்றங்கரைப் புல்வெளி எல்ரோட்டின் தோப்பை ஒட்டியது; முன்பு யூத மாட்டு வியாபாரி ஸெலிக்மானுடையது. அவர் அதை விற்றுவிட்டு அமெரிக்கா போனார் என்றுதான் ஊரில் சொல்வோம். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. எல்ரோட் எழுதியிருந்தது வேறு. ஊர் ஊராக யூதர்களை வேட்டையாடிய 1938 நவம்பரில் ஸெலிக்மானைத் தீயணைப்புக் கொட்டகையில் பூட்டி வைத்து, மறுநாள் காலை அங்கேயே விற்பனைப் பத்திரத்தில் நகராட்சி கையெழுத்து வாங்கியது என்று இருந்தது.

மேயர் கொன்ராட் ஃபிஸ்டர் எல்ரோட்டைக் கூப்பிட்டு அனுப்பினார். கதவு திறந்திருந்தது, என் மேசை வாசலில்.

"ஏம்ப்பா லோரன்ஸ், விழாவுக்கு நாலு ஊர்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. இந்த ஒத்தப் பக்கத்த எடுத்துட்டா உனக்கு என்ன குறைஞ்சு போகுது?"

"எனக்கு ஒண்ணும் குறையாது. புத்தகத்துலதான் ஒரு பக்கம் குறையும்."

மேயர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப உங்கப்பா கதையையும் சேத்து எழுதிடலாமா? ஸெலிக்மான் போன மறுவாரம் எல்லைக்கல்ல அந்தப் புல்வெளிக்குள்ள நகத்தி வச்சாரே. எங்க மாமா குதிரதான் இழுத்துச்சு."

தோப்பில் கடைசி மூன்று வரிசை மரங்கள் மட்டும் ஏன் இளசு என்று எல்ரோட்டே பலமுறை என்னிடம் கேட்டிருக்கிறார். அன்று பதில் கிடைத்தது.

வீட்டில் நடந்ததைப் பாபெட் பிறகு சொன்னாள். பக்கத்தை எடுக்கப் போவதில்லை என்று அவர் சொன்னதும் அவள் கத்தினாளாம். "ஊரோட மல்லுக்கு நின்னீங்க, போனா போகுதுன்னு இருந்தேன். செத்துப்போன மாமனாரையும் இப்ப இழுக்கணுமா?"

"இழுத்தது நான் இல்ல பாபெட். குதிர."

ஏழு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் ஊரே திரண்டு எல்லையைச் சுற்றி நடப்போம். பின்னால் வண்டியில் பீர் பீப்பாய் வரும். கற்களைப் பார்த்துக்கொள்வது ஏழு பேர். ஆயுள் முழுக்கச் சத்தியத்தால் கட்டுப்பட்டவர்கள். ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் சுட்ட மண்ணில் ஓர் அடையாளம் புதைப்பார்கள். அது என்ன வடிவம், எப்படி வைப்பார்கள் என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். அவர்களைத் தவிர யாரும் தோண்டக் கூடாது. ஆனால் நிலத்துக்காரர் கேட்டால் அவர்கள் மறுக்கவும் முடியாது.

விழா வருடத்தில் அந்த நடையும் வந்தது; பிளம் மரங்கள் பூத்திருந்தன. கூட்டம் தோப்போரம் நின்று சாஸேஜ் கடித்துக்கொண்டிருந்தது. எல்ரோட் தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தார். ஏழு பேரில் மூத்தவரான கிலியானிடம் போனார்.

"கிலியான், என் கல்லத் தோண்டிப் பாருங்க."

"கேட்டுட்டா கேட்டதுதான். அப்புறம் வேணாம்னு சொல்ல முடியாது, எல்ரோட்."

"தெரியும். கேட்டுட்டேன்."

"இன்னிக்கு எதுக்குப்பா இதெல்லாம்" என்றார் மேயர். "பீர் சூடாயிடும்."

முறைப்படி நாங்கள் முதுகைத் திருப்பி நின்றோம். மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. "இங்க ஒண்ணுமில்ல" என்றார் கிலியான். எல்ரோட் தோப்புக்குள் நடந்தார். கிழட்டு மரங்கள் முடிந்து இளசுகள் தொடங்கும் இடத்தில் நின்றார். நாங்கள் மறுபடி முதுகைத் திருப்ப, அங்கே தோண்டினார்கள். கிடைத்த அடையாளத்தைக் கைக்குள் மூடிக்கொண்டு கிலியான் வந்தார்.

"எல்லை இங்கதான் இருந்திருக்கு."

கல்லை நகர்த்திய எல்ரோட்டின் அப்பாவுக்கு, அடியில் புதைத்திருந்த அடையாளத்தை நகர்த்தத் தெரியவில்லை.

"கொன்ராட்" என்றார் எல்ரோட். "எங்கப்பா திருட்ட ஊரே பாத்தாச்சு. இனி இத வச்சு என்னை நீ மிரட்ட முடியாது. என் பங்க நான் தோண்டிட்டேன். நகராட்சி பங்கு எப்ப?"

ஒருவரும் மெல்லவில்லை. பாபெட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தொப்பியை எடுத்து மண்ணைத் தட்டி அவர் தலையில் வைத்தாள்.

இத்தனைக்குப் பிறகும் மன்றம் ஒன்பதுக்கு மூன்று என்று அந்தப் பக்கத்தை நீக்கியது. எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அச்சாகி வந்த அறுநூறு புத்தகங்களும் என் அறையில்தான் இருந்தன, சாவி என்னிடம். நீக்கிய பக்கத்தைச் சைக்ளோஸ்டைலில் அறுநூறு நகல் எடுத்தேன். தன் அப்பா நகர்த்திய கல்லைப் பற்றி எல்ரோட் பிறகு எழுதியிருந்த நான்கு வரிகளையும் கீழே சேர்த்தேன். ஒட்டி முடிக்க மூன்று நாள் ஆயிற்று.

விழா மேடையில் மேயர் புத்தகத்தைப் பிரித்தார். புரட்டிக்கொண்டே வந்தவரின் கை நின்றது.

"யாரு வேல இது?"

எல்ரோட்டுக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் பழியை ஏற்க அவர் எழுந்துவிட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான். பக்கம் நான் அடிச்சது, பசை பாபெட் காய்ச்சினது. இழுத்துப் பாக்காதீங்க ஐயா, உரியாது. படிங்க."