பின்னுக்குப் போகாத மொறிஸ் மைனர்

பிரபஞ்சம் உண்டான நாளிலிருந்து பின்னோக்கி ஓடாத வாகனங்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று சூரியபகவானின் தேர். மற்றது சண்டிலிப்பாய் ஐசாக்கரின் மொறிஸ் மைனர். சூரியனுக்கு ஏழு குதிரை. ஐசாக்கருக்கு மூன்று பேர்: பக்கத்து வளவுப் பொன்னம்பலத்தார், அவருடைய மனைவி அருந்ததி, பிறகு இதை எழுதுகிறவன். கடைசி ஆளைப் பற்றி விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஐசாக்கர் ஒரு காலத்தில் சுன்னாகம் ஸ்டேசன் வாசலில் வாடகைக் கார், அதாவது ஹயர், ஓடியவர். இப்போது அந்தக் கார் ஞாயிறு சேர்ச்சுக்கும் இடையில் ஒருநாள் சந்தைக்கும் மட்டுந்தான் போகும். மனைவி ஜொய்சி போய்ச் சேர்ந்த பிறகு, பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில் கதைப்பது றேடியோ ஒன்றுதான். மழை வந்தால் அதற்கும் தொண்டை கட்டிவிடும்.

வீடு ஒழுங்கையின் முட்டில். அந்த ஒடுங்கின சந்துக்குள் காரைத் திருப்ப இடமில்லை. பின்னுக்கு எடுத்துத்தான் றோட்டுக்கு வரவேண்டும். ஒருநாள் சேர்ச்சுக்குப் பிந்திவிட்ட அவதியில், வளவுக்குள் முன்னுக்கு உருண்டுகொண்டிருந்த கார் நிற்க முதலே ஐசாக்கர் றிவேர்ஸைப் போட்டார். கியர்ப்பெட்டிக்குள் 'கறக்' என்றது. பின்னுக்குப் போக உதவுகிற சின்னப் பல்லுச்சில்லு, கல்லுப்போன்ற பொரிவிளாங்காய் உருண்டை கடித்த கிழவன் மாதிரிப் பொக்கை வாயாகிவிட்டது. முன்னுக்குப் போகிற நாலு கியரும் நல்ல சுகம்.

அன்று தொடங்கியது வழக்கம். ஐசாக்கர் இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பார். பொன்னம்பலத்தார் நெற்றியில் திருநீறும் காலில் புகையிலைத் தோட்டத்துச் செம்மண்ணுமாக வருவார். அருந்ததி கையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டு வருவாள். எழுதுகிறவனோடு மூன்று பேரும் முன்பக்கம் நின்று பொனற்றில் கைவைத்து றோட்டுவரை தள்ளுவார்கள்.

"என்ன காணும் ஐசாக், கூப்பிடுறது உம்மடை ஆண்டவர். தள்ளிவிடுறது என்ரை பிள்ளையார்."

"பிள்ளையாருக்கு ஒரு கதலிக்குலை தாறன், பொறும்."

"போன வருசமும் உதைத்தானே சொன்னனீர்! அவர் பாவம், வாயைத் துடைச்சுக்கொண்டு இருக்கிறார்."

தள்ள ஐந்து நிமிடம், கதைக்க அரை மணித்தியாலம். சேர்ச்சில் முதல் பாட்டு எப்படி இருக்கும் என்பதே ஐசாக்கருக்கு மறந்துபோயிற்று.

பிறகு கார்த்திகை மழை பிடித்தது. ஒழுங்கையில் முழங்கால் வெள்ளம். ஹோர்ன் இல்லை, ஆட்களும் இல்லை. வல்வெட்டித்துறையில் செத்துக் கிடந்த ஒரு காரிலிருந்து கழற்றிய பல்லுச்சில்லு ஒன்று, பால்மா ரின்னுக்குள் கிறீஸ் பூசியபடி வெகுநாளாக அவரிடம் இருந்தது. "யாழ்ப்பாணம் முழுக்க அரிச்சுத் தேடிட்டன், சாமான் இல்லை" என்று அவர் சொல்லிவந்ததும் அதே வெகுநாளாகத்தான். ஆனால் மழையும் தனிமையும் சேர்ந்தால் ஹயர்காரன் கை சும்மா கிடக்குமா? முன்சீற்றைக் கழற்றி, தரைத்தகட்டைத் தூக்கி, கப்பிக்கயிறு கட்டிக் கியர்ப்பெட்டியை உள்ளாலேயே எடுத்தார். குசினி மேசையிலிருந்த ஜொய்சியின் மேசைச்சீலையை மடித்து வைத்துவிட்டு, பேப்பர் விரித்துப் பெட்டியைக் கிடத்தினார். பழைய ஒயிலில் உதிர்ந்த பல்லெல்லாம் மினுங்கின. மண்ணெண்ணெயில் கழுவினார், ரின்னிலிருந்த சில்லைப் பூட்டினார். சாப்பாட்டு நேரத்திலும் அதை மேசையை விட்டு இறக்கவில்லை. எதிரில் ஒரு ஆள் இருப்பதுபோல அதோடு கதைத்துக் கதைத்துச் சாப்பிட்டார்.

எல்லாம் பூட்டி, றிவேர்ஸைப் போட்டு, கிளச்சை விட்டார். கார் ஒரு முழம் பின்னுக்குப் போனது.

மனுஷன் துள்ளியிருக்க வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டு உள்ளேயே குந்தியிருந்தார். தன்பாட்டில் பின்னுக்குப் போகிற காருக்கு ஹோர்ன் எதற்கு? ஹோர்ன் இல்லாவிட்டால் படலை திறந்து யார் வரப்போகிறார்கள்?

வெள்ளம் வற்றிய ஞாயிறு அவர் கியரை நடுவில் விட்டுவிட்டு இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். மூன்று பேரும் வந்து தள்ளினார்கள்.

தை பிறந்தபோது அருந்ததி கார் ஜன்னலில் குனிந்து, "அண்ணை, இவருக்குக் குடலிறக்கமாம். பாரம் தள்ளவே கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். சொன்னால் கேட்டால்தானே? உங்கடை ஹோர்ன் கேட்டால் கட்டிலாலை குதிக்கிறார்" என்றாள்.

"என்ன அங்கை குசுகுசுப்பு?" என்றார் பொனற்றடியில் பொன்னம்பலத்தார். ஒரு கை அடிவயிற்றைப் பிடித்திருந்தது.

"நீர் நில்லும் காணும். மற்ற ரெண்டு பேரும் தள்ளட்டும்" என்றார் ஐசாக்கர்.

"ஏன், நான் செத்திட்டனோ?"

'கியர் சரிவந்திட்டுது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வயிறு தப்பும். ஆனால் பிறகு இந்த முகம் வராது. ஐசாக்கர் வாயைத் திறந்தார். "என்ஜினை ஸ்ராட் பண்ணிப்போட்டுத் தள்ளுவம். அது சூடாகட்டும்" என்ற சொல்தான் வந்தது.

கிளச்சை மிதித்து, றிவேர்ஸை மெதுவாக விழுத்தி, இடது காலை மயிரளவு மயிரளவாக விட்டார். கார் பஞ்சுபோல நழுவிற்று.

"பாத்தியே அருந்ததி!" பொன்னம்பலத்தார் கூத்தில் ராசா வேஷம் கட்டியவர் மாதிரி நிமிர்ந்தார். "குடல் இறங்கினாலும் என்ரை கை இறங்கேல்லை!"

அவருக்கு நோகவில்லை. கதையும் அரை மணித்தியாலம் நடந்தது. ஐசாக்கர் அன்று சேர்ச்சில் எதற்காக மன்னிப்புக் கேட்டார் என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் இடையிலான விஷயம்.

ஆனால் பொனற்றுக்குக் கீழே காதடியில் நுளம்பு பாடுவதுபோல ஒரு 'ஙீ' கேட்டது. றிவேர்ஸ் கியருக்கு மட்டும் வாய்த்த குரல் அது. இதை எழுதுகிறவனுக்குப் படிப்பு ஏறாவிட்டாலும் காது நல்ல காது. அடுத்த ஞாயிறு மெல்லக் கையை எடுத்துப் பார்த்தான். கார் போய்க்கொண்டே இருந்தது. அவன் மற்ற இருவரையும்விடப் பலமாக முக்கினான். "ஏலேலோ" வேறு போட்டான். ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்த வாய்க்கு அது பெரிய காரியம்.

போன ஞாயிறு, கதை முடிந்து மற்ற இருவரும் திரும்பிப் போன பிறகு, ஐசாக்கர் ஜன்னலால் தலையை நீட்டினார்.

"தம்பி, இங்கை வா. கொஞ்ச நாளாய் நீ கையை வைக்காமல்தானே முக்கிறாய்?"

எழுதுகிறவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டினான். "நீங்கள்... பின்னுக்கெல்லோ பாத்து எடுக்கிறனீங்கள்?"

"பின்னுக்கு என்ன கிடக்கு பாக்க? ஒழுங்கை எனக்குப் பாடம். நான் உங்கடை முகங்களைத்தான்ரா பாத்துக்கொண்டிருக்கிறன்." முதலாம் கியரைப் போட்டார். "வாற கிழமை கையை வைச்சுக்கொண்டு முக்கு. உந்தப் பொன்னம்பலம் கண்டுதெண்டால் பிறகு தள்ள வராது."