வரிசை எண் ஏழு: பித்தளைக் குழாய்

கல்லூரி இயற்பியல் துறையில் ஸ்டோர் பார்க்கும் அந்த அம்மாளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் தாழ்ப்பாள். அது அவளுக்கும் தெரியும். வராந்தாவில் யாராவது அப்படிச் சொல்லிச் சிரித்தால் நின்று திரும்பிப் பார்ப்பாள். சிரிப்பு நின்றதும் நடப்பாள். பத்தொன்பது வயதில் கண்ணாடிக் குடுவை கழுவத் தினக்கூலியாக வந்தவள். கழுவிக்கொண்டே தபாலில் படித்து, பரீட்சை எழுதி ஸ்டோருக்கு வந்தாள்.

முப்பத்தொரு வருடத்தில் அவள் கையிலிருந்து ஒரு சாவி தொலைந்ததில்லை. அதில் பாதிப் பெருமை சாவிகள் கட்டியிருந்த தகடுகளுக்குச் சேரும். ஐந்து அலமாரிகளுக்கு ஐந்து பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றும் சாசர் அகலம். மேலே நாக்குப் போல ஒரு நீட்டல், அதில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண், தகட்டின் நடுவில் வட்டத் துளை, எண் ஏற ஏறச் சின்னதாக. துளை வழியாகக் கயிறு போட்டுச் சாவி. எந்தச் சட்டைப் பையிலும் நுழையாது. ஆறாம் அலமாரிச் சாவிக்கு மட்டும் ஒரு மரத்துண்டு.

வருடம் ஒருமுறை, கழித்துக்கட்ட வேண்டிய பொருட்களின் பட்டியல் வரும். துறைத் தலைவர் கடைசிப் பக்கத்தை விரித்து விரலை வைப்பார்.

"இங்க ஒரு கையெழுத்து."

விரல் இருந்த இடத்தில் அவள் போடுவாள். மேலே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குள் தாள் போய்விடும். இந்த வருடம் விரலை வைத்த நேரத்தில் அவருக்கு போன் வந்தது. பேச்சு நீண்டது. அவள் படித்தாள். வரிசை எண் ஏழு: பித்தளைக் குழாய், ஒன்று, உபயோகமற்றது.

இருட்டறையில் சுருட்டிவைத்த படங்களுக்கு அடியில் கிடக்கும் மரப்பெட்டி அது. ஸ்டாக் எடுக்கும்போதெல்லாம் பெட்டியைப் பார்த்து டிக் அடித்திருக்கிறாள். ஒருமுறைகூடத் திறந்ததில்லை. சுருக்கென்றது.

"பாத்துட்டுப் போடுறேன், சார்."

"குழாயில பாக்க என்னம்மா இருக்கு?"

"பாத்தாத்தான தெரியும்."

பெட்டி நிறைய மரத்தூள். அதற்குள்ளிருந்து இரண்டு கையாலும் அள்ளித் தூக்க வேண்டியிருந்தது. ஒரு வயதுக் குழந்தையின் கனம். இரண்டு முனையிலும் கண்ணாடி. முன்கண்ணாடி மேல் உள்ளங்கையை விரித்து வைத்தால் விரல் நுனிகள் மட்டும் வெளியே நீண்டன. துடைத்துவிட்டுக் குனிந்தாள். தலைக்கு மேல் எரிந்த ஒற்றை பல்பு உள்ளே ஆறு இடத்தில் பளிச்சென்றும் ஏழாவதாக மங்கியும் தெரிந்தது. ஒரே கண்ணாடி இத்தனை பல்பு காட்டாது. கழுவிப் பழகிய கைக்கு அது தெரியும். உள்ளே பல கண்ணாடிகள் அடுக்கியிருந்தன.

துறைத் தலைவர் நாற்காலியிலிருந்து எழாமலே பார்த்தார்.

"பழைய ப்ரொஜெக்டர் லென்ஸ். சிலைடு காட்டுறது. விளக்கும் இல்ல, அதோட கூடும் இல்ல. வச்சுக்கிட்டு என்ன பண்ண?"

"கேமராவோடதா இருக்கக் கூடாதா, சார்?"

"இவ்ளோ பெருசா? யானைக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுக்கவா?" அவரே சிரித்துக்கொண்டார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வண்டி வருது. கையெழுத்து இல்லேன்னா விடுதி ஸ்டோருக்கு மாத்தல். தலையணை எண்ணிக்கிட்டு இருக்கலாம்."

"தலையணையும் எண்ணத் தெரியும், சார்."

வீட்டில் அவள் கணவர், பஸ் பணிமனை மெக்கானிக், கையில் கிரீஸோடு கேட்டார். "முப்பது வருஷமா டிக் அடிச்சியே. அப்ப எங்க போச்சு இந்த ரோஷம்?"

"அப்ப பாக்கல. இப்ப பாத்துட்டேன்ல."

காலையில் அவள் சாப்பாட்டுப் பைக்குள் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரும் பாட்டிலில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் இருந்தன.

இரண்டாம் அலமாரியின் அடித்தட்டில், அட்டை போன ஒரு ஒளியியல் புத்தகத்தில் அவள் தேடியது கிடைத்தது. பழைய கேமரா லென்ஸின் படம். குழாயின் முதுகில் உண்டியல் வாய் போல ஒரு கீறல். அதன் வழியாக, துளை போட்ட தகட்டை இறக்கி வெளிச்சத்தைக் குறைப்பார்கள் என்று கீழே விளக்கம். சிலைடு விளக்குக்காரனுக்கு இருக்கிற வெளிச்சமெல்லாம் வேண்டும். அவன் எதற்குக் குறைக்கப் போகிறான்? அப்படியானால் கீறல் இருந்தால் கேமரா.

குழாயின் முதுகில் கீறல் இல்லை. கறுப்புச் சாயம் பூசிய ஒரு பட்டை மட்டும் சுற்றியிருந்தது. மற்ற இடமெல்லாம் பித்தளை நிறம். அங்கே மட்டும் ஏன் கறுப்பு?

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு மண்ணெண்ணெய்த் துணியால் தேய்க்க உட்கார்ந்தாள். சாயத்துக்கு அடியிலிருந்து இரண்டு திருகாணித் தலைகள் வந்தன. திருகினாள். பட்டை கழன்றது. அடியில், நாணயம் நுழையும் கனத்தில், சாண் நீளத்துக்கு ஒரு கீறல்.

பத்து மணிக்கு பழைய இரும்புக்காரர் தராசோடு வந்தார். பின்னாலேயே துறைத் தலைவர்.

"இதுவா அக்கா பித்தளை? கண்ணாடி எடைக்கு ஆகாது. சுத்தியலால ஒரு தட்டு, வந்துடும்."

"தட்டுற கைய ஒடிச்சிடுவேன்," என்றாள் தாழ்ப்பாள். குரல் உயரவில்லை. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

துறைத் தலைவர் கீறலைப் பார்த்தார். புத்தகத்தையும் பார்த்தார். ஒரு கணம் யோசித்தவர் தலையை ஆட்டினார்.

"ஓட்டை இருந்தாப் போதுமா? அதுல போடுற தகடு எங்க? ஒவ்வொரு லென்ஸுக்கும் அளவெடுத்துச் செய்யறது அது. அது இல்லேன்னா இது வெறும் குழாய்தான். மூணாவது அலமாரியத் திறங்கம்மா, மத்ததையாவது எடுத்துட்டுப் போகட்டும்."

சாவி மாட்டும் ஆணிப்பலகையிலிருந்து மூன்றாம் சாவியை எடுத்தாள். எப்போதும் போலக் கட்டைவிரல் துளைக்குள் போய் உட்கார்ந்தது. தகட்டையும் கீறலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சாவியை அவிழ்த்து மேசையில் வைத்தாள். நாக்கைப் பிடித்துத் தகட்டைக் கீறலில் இறக்கினாள். கொஞ்சம் உரசியது, பிறகு அடிவரை போய், நாக்கு மட்டும் வெளியே நின்றது.

"முப்பத்தொரு வருஷமா இடுப்புல செருகிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்," என்றாள். அது அவர்களுக்குச் சொன்னதல்ல.

"தற்செயலா பொருந்தலாம்," என்றார் துறைத் தலைவர்.

"அஞ்சுமா சார்?"

மற்ற நான்கையும் அவிழ்த்தாள். ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தாள். நான்கும் இறங்கின. அதற்கு மேல் அவரிடம் கேட்கவில்லை. ஜன்னல்களைச் சாத்தி, ஒன்றில் மட்டும் அட்டையில் ஓட்டை வெட்டி லென்ஸை நிறுத்தினாள். பழைய இரும்புக்காரரை வெளியே வெயிலில் நிற்கச் சொன்னாள். அறைக்குள் டிரேசிங் தாளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினாள். அவர் முகம் தாள் நிறைய, தலைகீழாக, தாடி மயிர் ஒவ்வொன்றாக வந்தது. அவருக்குப் பின்னாலிருந்த சைக்கிள் மட்டும் கலங்கல்.

"இப்பப் பாருங்க, சார்."

துளை மிகச் சின்னதான ஐந்தாம் தகட்டை இறக்கினாள். படம் மங்கியது. சைக்கிள் தெளிந்தது. அதன் பின்னால் மரம், மரத்துக்குப் பின்னால் சுவர், சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ்.

பழைய இரும்புக்காரர் உள்ளே ஓடிவந்து எட்டிப் பார்த்தார். "எங்க அக்கா நான்?"

"நீங்க இங்க வந்துட்டா அங்க எப்படிண்ணே இருப்பீங்க?"

துறைத் தலைவர் தாளை வெகுநேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க சொன்னதும் தப்பில்ல, சார்," என்றாள். "நடுவுல யாரோ கீறல மூடி விளக்குல மாட்டியிருக்காங்க. ஆனா பொறந்தது கேமராவுக்கு."

"சரி. ஏழ அடிச்சிடுங்க."

"அடிச்சாப் போதாது. என்னன்னு எழுதணும்."

"நான் சொல்றேன், எழுதிக்குங்க."

"வேணாம் சார். நானே எழுதுறேன்."

பதிவேட்டை எடுத்து அந்தப் பழைய வரியைக் கோடிட்டு அடித்தாள். கீழே தன் கையால் எழுதினாள்: பெரிய கேமரா லென்ஸ், ஒன்று. அதற்கான துளைத் தகடுகள், ஐந்து. பிரிக்கக் கூடாது.

"சாவியெல்லாம்?" என்றார் அவர்.

"அட்டை கட்டிக்கிறேன். தொலைஞ்சா என்னைக் கேளுங்க."

பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள். வரியின் ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இங்க ஒரு கையெழுத்து, சார்."

பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "இருங்கம்மா. படிச்சுட்டுப் போடுறேன்."

"படிங்க," என்றாள். விரலை எடுக்கவில்லை. "நான் நிக்கிறேன்."