பாடு விட்டவன்

அந்த ஃப்ளெக்ஸை ஒல்லாந்தர் கல்லறைச் சுவரை ஒட்டிக் கட்டினார்கள். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு, பக்கத்தில் கால்பந்தை மார்போடு அணைத்துச் சிரிக்கும் என் தம்பி. கீழே, 'பழவேற்காட்டுப் புயலே' என்று எழுத்து. புயல் வந்தால் என்ன மிஞ்சும் என்று தெரிந்த ஊர், பிள்ளைக்கு வைத்த பட்டம் அது. இப்போதும் நான் அந்த வழியே போவதில்லை.

அவன் ஆட்டம் ஏரி கொடுத்தது. தண்ணீர் வற்றும் மாதங்களில் வெளியே கிடக்கும் சேறுதான் மைதானம். கணுக்கால் புதையும். பந்து உருளாது, விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். வெறுங்கால் விரல்களால் அதைக் கெண்டி எடுப்பான், கொக்கு மீனை எடுப்பதுபோல. அப்புறம் பந்து தரையைத் தொடாது. தொடை, முட்டி, நெற்றி என்று ஏந்திக்கொண்டே போய்க் கோலுக்குள் இறக்குவான். பட்டணத்துக் கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர் அதைப் பார்த்தார். பேண்ட்டில் தெறித்த சேற்றைக்கூடத் துடைக்காமல், "இப்படி ஒரு காலை நான் பார்த்ததே இல்லை" என்றார். ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல் இலவசம், படித்து முடித்தால் விளையாட்டுக் கோட்டாவில் வேலை. ஊர் சாமியாடியது.

அந்த வருடம்தான் அவனுக்குப் பாடு வரவேண்டியது. ஏரியில் எறால் விழுகிற இடங்கள் கொஞ்சம், ஆட்கள் அதிகம். யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு வைக்கிற முறைதான் பாடு. அது இருப்பவன் தன் வலையைக் கட்டுவான். இல்லாதவன் அடுத்தவன் படகில் கூலிக்கு ஏறுவான்.

தம்பி அன்று பொன்னேரிக்குப் பெட்டி வாங்கப் போயிருந்தான். கூட்டத்தில் பக்கத்து வீட்டு மாமா எழுந்தார். ஃப்ளெக்ஸ் கட்டியபோது முன்னால் நின்று கைதட்டியவர்.

"டிவில வரப்போற புள்ள. அவனுக்கு இன்னாத்துக்குப்பா பாடு? விட்டுக் குடுக்கட்டும், வேற ஒருத்தன் பொழைப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். நைனா பெருமையில் உப்பிப்போய், அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி, விட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பாடு மாமாவின் மகனுக்குப் போனது.

"காலு ஒடஞ்சா இன்னா நைனா பண்ணுவான்?" என்று கேட்டேன்.

"நல்ல காரியத்துல வாய வெக்காத."

கால் உடையவில்லை. உடைந்திருந்தால்கூட ஊர் பரிதாபப்பட்டிருக்கும். கல்லூரியில் புல் தரை, காலில் பூட்ஸ். "அக்கா, இங்க பந்து ஓடுதுக்கா. நிக்கவே மாட்டேங்குது" என்று போனில் சிரித்தான். அடுத்த முறை சிரிக்கவில்லை. "தூக்காத, தரையில வெச்சி ஆடுன்னு கோச்சு கத்துறாருக்கா. சேத்துல ஆடுனத மறந்துட்டு வான்றாரு."

எதைப் பார்த்துத் தூக்கிப்போனார்களோ அதையே கழற்றி வைக்கச் சொன்னார்கள். ஆசையாய் மீன் வாங்கிப்போய், கவிச்சி அடிக்கிறது என்று மூக்கைப் பிடிக்கிற ஜனம். பூட்ஸுக்குள் அவன் விரல்கள் குருடாகிவிட்டன. பெஞ்சில் உட்கார்ந்தான், பிறகு மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கினான், பிறகு அந்தப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். பயிற்சியாளர் அதற்குள் வேறு ஊரில் வேறு காலைப் பார்த்து வாய் பிளந்திருப்பார்.

திமிர் என்றது ஊர். குடி என்றது, பெண் சகவாசம் என்றது. பூட்ஸ் என்று ஒரு வாய் சொல்லவில்லை.

அடுத்த ஊர்க் கூட்டத்தில் தம்பி தன் பாடு திரும்ப வேண்டும் என்று கேட்டான்.

"அம்மன் முன்னால விட்டதுப்பா. விட்டது விட்டதுதான்" என்றார் மாமா.

"நான் விடலியே மாமா. நான் இங்க இருந்தனா?"

"உங்க நைனா விட்டாரே. புயலுக்கு எதுக்குடா எறாலு?"

அதே சிரிப்பு, அதே வாய்கள். நைனா தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது தம்பி மாமா படகில்தான் கூலி. தனக்கு வந்திருக்க வேண்டிய இடத்தில், அடுத்தவன் வலைக்குக் கழி ஊன்றுகிறான். ஒரு நாள் எறால் வாங்கக் கரையில் நின்றேன். படகு சேற்றில் தட்டி நின்றது.

"புயலு, எறங்கித் தள்ளு."

இறங்கினான். விரல்களைச் சேற்றில் குத்தி, ஒரே மூச்சில் தள்ளினான். படகு நழுவி வந்தது. மாமா என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்.

"இன்னா காலு பாத்தியா உன் தம்பிக்கு."

கூடையில் அள்ளிய எறாலை அவர் படகிலேயே கொட்டிவிட்டு நடந்தேன். அன்று வீட்டில் வெறும் ரசம். தம்பி காலில் ஒட்டிய சேற்றைக் கழுவிவிட்டு வந்து சாப்பிட்டான்.