மிளகோடு காய்ந்த படச்சுருள்

படம் பிடித்த அன்று மலைமேல் எங்கள் வாசலில் அப்பன், அம்மா, தங்கை செல்லாயி, நான், மதராசிலிருந்து காமிராவோடு வந்திருந்த ஐயா எல்லோரும் இருந்தோம். படம் வந்த அன்று செல்லாயி இல்லை.

நேற்று நாமக்கல் மண்டி வாசலில் மிளகு காயும் வாசனை மூக்கில் ஏறியது. இன்று வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடும்போதும் அதே வாசனைதான்.

படம் பிடித்தது யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம். எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், ஐயாவுக்கு வழிகாட்டும் உத்தியோகம் எனக்கு வாய்த்தது. சம்பளம் கிடையாது, கௌரவத்துக்குக் குறைவில்லை. கலர்ப் படச்சுருளை அவரிடம்தான் முதலில் பார்த்தேன். அவரோ ஆளையும் எடுக்கமாட்டார், மலையையும் எடுக்கமாட்டார். பாறைப் பாசி, பாயில் பாதி பச்சையும் பாதி கறுப்புமாய்க் கிடக்கும் மிளகு, காற்றில் துடிக்கும் சேலை நுனி. உருவம் வேண்டாம், நிறம் போதும் என்பார்.

"ஏனுங்க, மூஞ்சியே இல்லாத படத்த எந்தச் செவுத்துல மாட்டுவீங்க?" என்றார் அப்பன். ஐயாவே சிரித்துவிட்டார்.

அம்மா சிரிக்கவில்லை. செல்லாயியை மலைக்கு அந்தப்புறம் பெரக்கரை நாட்டில் கட்டிக்கொடுக்க நிச்சயமாகியிருந்தது. "இவ போயிட்டா மூஞ்சி பாக்க மல ஏறி எறங்கோணும் சாமி. ஒண்ணே ஒண்ணு புடிச்சுக் குடுங்க."

சுருளில் மிஞ்சியிருந்த கடைசிப் படத்தை ஐயா அவளுக்குக் கொடுத்தார். சிவப்புச் சேலையில் விறைத்து நின்றாள்.

"அண்ணா, கண்ணச் சிமிட்டலாமா?"

"சிமிட்டுனா குருட்டுப் பொண்ணுன்னு மாப்பிள்ள ஓடிருவான்."

மறுநாள் அருவிக்குப் போய், வழியில் மழையில் மாட்டித் திரும்பினோம். ஐயாவின் தோல்பை சொட்டிக்கொண்டிருந்தது. மழை விட்டு வெயில் வந்தது. நாங்கள் உள்ளே தலை துவட்டிய நேரத்தில் அப்பன் பையைத் திறந்திருக்கிறார். எங்கள் ஊரில் எது நனைந்தாலும் வெயிலில் போட்டுவிடுவோம். நான் வெளியே வந்தபோது, சுருளின் நாக்கைப் பிடித்து இழுத்து, மிளகுப் பாயின் ஓரமாகப் பதமாய்ப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அதுல வெயில் படக்கூடாதுங்க!"

"ஈரத்தோட வச்சா பூசணம் புடிக்காதா? வெயில் என்ன கண்ணு பண்ணிப்போடும்?"

துண்டைப் போட்டு மூடினேன். ஏற்கெனவே உள்ளே போன வெளிச்சத்தைத் துண்டு என்ன செய்யும்?

கழுவுவதற்காகச் சுருள் சீமைக்குக் கப்பலேறிப் போனது. அது திரும்புமுன் மலைக்காய்ச்சலில் செல்லாயி போய்விட்டாள்.

ஐயாவே மலையேறி வந்து கொடுத்தார். மற்றப் படங்கள் வெறும் கண்ணாடிபோல் வெளிறியிருந்தன. கடைசிப் படத்தில் மட்டும் நெருப்பு நிறத்தில் பட்டை பட்டையாய், நடுவே ஒரு சிவப்பு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இப்படி ஒரு நிறத்தைத்தான் இத்தனை நாள் தேடினேன்" என்றவர், அம்மா நிற்பதைக் கண்டு தலைகுனிந்தார்.

அம்மா வாங்கிப் பார்த்தாள். "எங்க சாமி அவ மூஞ்சி?" படித்தவன் என்று என்னைத்தான் கேட்டாள். அழுக்கு என்று நினைத்தாளோ என்னவோ, முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

கெட்டுப்போன சுருளுக்கு ஐயா விலை கேட்கவில்லை. அப்பன்தான் மனசு கேட்காமல் அந்த வருஷத்து மிளகு மூட்டையை அவருடைய சுமைக்காரர் தலையில் ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வாசலில் மிளகு காய்வதில்லை, பச்சையாகவே விற்றுவிடுகிறார். அந்த ஒரு படத்துக்கு எங்கள் வீட்டில் ஆன செலவு, ஒரு மூட்டை மிளகும் செல்லாயியின் முகமும்.